தானியங்கிக் கியரும் பழைய காரும்



மோட்டார் காரைப் பற்றிப் பேசுவதற்கு இளைப்பாறிய தலைமையாசிரியர் ஒருவருக்கு என்ன உரிமை உண்டு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது முறையே. முப்பத்தைந்து ஆண்டு காலம் நான் கற்பித்தவை கணிதமும் விஞ்ஞானமும் ஆகும். காரின் முன்மூடியைத் திறந்து உள்ளே நோக்கியது இளைப்பாறிய பின்னரே. அதுவும் ஆர்வத்தினால் அன்று, பணத்தை இழந்ததனால். ஐந்து மாத ஓய்வூதியத்தைக் கொடுத்து நான் கற்ற பாடத்தை ஒரு சதமும் பெறாது உங்களுக்குச் சொல்ல முன்வந்திருக்கிறேன்.

நம் இலங்கையில் ஓடும் கார்களில் பெரும் பங்கு, யப்பானில் சில ஆண்டுகள் ஓடிய பின்னர் கப்பலேறி இங்கு வந்தவை. அவற்றுள் மிகப் பலவற்றுக்குத் தானியங்கிக் கியரே உண்டு. ‘ஓட்டோ கியர்’ என்று நாம் சொல்வது அதனையே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டுக் காலத்தில், இருந்த கார்களே கைக்குக் கை மாறின. அவற்றின் வயதும் ஏறியது, விலையும் ஏறியது. பத்தாண்டு ஓடிய காரை, அது புதிதாய் வந்திறங்கிய நாளில் விற்ற விலைக்கு மேலே கொடுத்து வாங்கினவர்கள் பலர். அவர்களுள் நானும் ஒருவன்.

2021ஆம் ஆண்டில் நான் வாங்கியது 2007இல் யப்பானில் செய்யப்பட்ட, நான்கு கியர்களையுடைய ஒரு சிறு கார். இடது முழங்காலில் எனக்கு வாதம். கிளச்சை மிதிப்பது துன்பமாயிருந்தது. மிதிக்க இரண்டே கட்டைகளுள்ள கார் கிடைத்ததே என்று மகிழ்ந்தேன். விற்றவர், எஞ்சின் எண்ணெய் மாற்றிய சீட்டுகளையெல்லாம் அடுக்கிக் காட்டினார். கியர்ப் பெட்டியின் எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். “அது ஆயுட்கால ஒயில் ஐயா, மாற்றவே தேவையில்லை” என்றார். அவர் பொய் சொன்னதாக நான் இன்றும் கருதவில்லை. அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள்.

2023 ஓகஸ்டுப் பள்ளி விடுமுறையில், மனைவி, மைத்துனர் குடும்பம், மூட்டை முடிச்சுகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, நுவரெலியாவிலிருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டேன். கண்டியையும் கம்பளையையும் கடந்து, றம்பொடை ஏற்றத்தில் வளைவுகள் நெருங்கி வரும் இடத்தில், எஞ்சின் இரைந்தது, கார் நகரவில்லை. மேலும் மிதித்தேன், மேலும் இரைந்தது. கருகிய வாடை ஒன்று எழுந்தது. பின்னால் வந்த லொறிக்காரர் ஒருவர், முன்பின் அறியாதவர், இறங்கி வந்து, மரக்கறி மூட்டைகளை ஒதுக்கி எங்கள் பெண்களுக்கு இடங்கொடுத்து, காரைக் கயிற்றில் கட்டிப் புசல்லாவை வரை இழுத்துத் தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அந்த நல்ல மனிதரும் நானும் சேர்ந்து அன்று செய்தது என்னவென்று எங்களுக்குத் தெரியாது.

வவுனியாவில் கராஜ் வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணிதம் படித்தவர். அவருடைய தேர்ச்சி அறிக்கையில் ‘முயற்சி போதாது’ என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நடந்ததைச் சொன்னேன். “சேர், மேலேயிருந்து எப்படிக் கீழே கொண்டு வந்தீர்கள்?” என்று கேட்டார். “கயிறு கட்டி” என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “இனி ஓரடியும் உருள விடாதீர்கள், சேர். தட்டு லொறியில் ஏற்றி இங்கே அனுப்புங்கள்” என்றார்.

அவர் ஏன் பேச்சற்று நின்றார் என்பதை அறிய வேண்டுமாயின், அப்பெட்டியினுள் நடப்பதைச் சிறிது அறிதல் வேண்டும்.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அது தள்ளும் காற்றினால் மற்றதும் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்தை எஞ்சின் சுழற்றுகிறது. அது வீசும் எண்ணெய் எதிரேயுள்ள சக்கரத்தைச் சுழற்றுகிறது. இடையே நிற்கும் மூன்றாவது சக்கரம் திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி விசையைப் பெருக்கித் தருகிறது. இதனை முறுக்குவிசை மாற்றி என்பர். கராஜ்களில் டோர்க் கொன்வேட்டர். இக்கருத்தை முதலில் உருவாக்கியவர் ஹேர்மன் ஃபொற்றிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர். 1905இல் உரிமைக்காப்புப் பெற்றார். அவர் எண்ணியது காருக்காக அன்று, கப்பலுக்காக. காரில், பெருந்தொகையாகச் செய்து விற்ற முதல் முழுத் தானியங்கிக் கியர், 1939இல் அமெரிக்க ஜெனரல் மோட்டோர்ஸ் வெளியிட்ட ஹைட்ராமற்றிக். அதில் விசையைப் பெருக்காது கடத்த மட்டும் செய்யும் எளிய எண்ணெய் இணைப்பே இருந்தது.

அம்மாற்றிக்குப் பின்னால் கோட்பற்சக்கரத் தொகுதிகள் உள்ளன. நடுவில் சூரியன் போல் ஒரு பற்சக்கரம். அதனைச் சுற்றிக் கோள்கள் போல் மூன்று நான்கு. அனைத்தையும் சூழ ஒரு வளையம். எதனைப் பிடித்து நிறுத்துகிறோம், எதனைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் குறையும், கூடும், பின்னோக்கியும் திரும்பும். பிடிப்பதும் விடுவதும் மெல்லிய தட்டுகளாலான கிளச்சுகளின் வேலை. அத்தட்டுகளின் முகத்தில் ஒட்டப்பட்டிருப்பது யாது தெரியுமா? காகிதத்தை ஒத்த ஒரு நார்ப்பொருள். ஆம், ஒரு தொன் எடையுள்ள காரை மலையேற்றுவது எண்ணெயில் நனைந்த அந்தக் காகிதமே. அவற்றை ஒன்றோடொன்று அழுத்துவதும் எண்ணெயின் அமுக்கமே. தேய்வைக் குறைப்பதும், வெப்பத்தை ஏந்திச் சென்று றேடியேற்றரில் இறக்கிவிட்டுத் திரும்புவதும் அவ்வெண்ணெயே. எஞ்சினில் எண்ணெய் ஒரு துணைவன். இப்பெட்டியிலோ அது பற்சக்கரத்தைப் போல ஓர் உறுப்பு.

இவ்வெண்ணெயைச் செலுத்தும் பம்பைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். என் கார் முன்சக்கரங்களால் இழுக்கப்படுவது. அச்சக்கரங்கள் தரையில் உருள, எஞ்சின் ஓடாதிருக்க, புசல்லாவை வரை இழுத்து வந்தோம். சக்கரங்களோடு பெட்டியின் உட்பாகங்கள் சில சுழன்றுகொண்டே வந்தன. அவற்றுக்கு ஒரு துளி எண்ணெயும் புதிதாய்ப் போகவில்லை. சில கார்களின் கைநூல்கள் மிகக் குறைந்த வேகத்தில் மிகச் சிறு தூரம் இழுக்க இடந்தருகின்றன. மலையிறக்கத்தில் அத்தனை கிலோமீற்றருக்கு எந்த நூலும் இடந்தராது. ஏற்றத்தில் கெட்டவை கிளச்சுத் தட்டுகள். இறக்கத்தில் நாங்கள் கெடுத்தவை தாங்கிகள்.

பெட்டியைத் திறந்தபோது நான் அருகில் இருந்தேன். தட்டுகளை மாணவர் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பழைய செய்தித்தாளின் மேல் வரிசையாக வைத்தார். பழுப்பு நிறமாய் இருக்க வேண்டியவை கரியாயிருந்தன. விரல் பட்டதும் முகம் உதிர்ந்தது. அடித்தட்டில் தேங்கியிருந்த எண்ணெய், சிவப்பாய்ப் பிறந்தது, பழைய கோப்பிக் கஷாயம் போலிருந்தது. “இது தொழிற்சாலையில் ஊற்றிய எண்ணெய், சேர். பதினாறு வருடம்” என்றார்.

ஆயுட்கால எண்ணெய் என்றார்களே, யாருடைய ஆயுட்காலம்? எண்ணெயின் ஆயுள் முடிந்தால் பெட்டியின் ஆயுளும் முடியும். அந்த அளவில் அச்சொல் உண்மைதான்! கைநூலை நான் பின்னர்த் தேடிப் படித்தேன். இயல்பான பயன்பாட்டில் மாற்ற வேண்டியதில்லை என்று ஓரிடத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில், மலைப்பாதை, மிகு வெப்பம், பாரம், நெரிசலில் ஊர்தல் ஆகியன கடும் பயன்பாடு என்றும், அதற்குக் குறித்த தூரத்தில் எண்ணெயை மாற்றுக என்றும் இருந்தது. நம் நாட்டில் இந்நான்கினின்றும் தப்பி ஓடும் கார் எது? பல கைநூல்களும் தொழிலறிந்தோரும் சொல்லும் எல்லை ஏறத்தாழ 40,000 முதல் 80,000 கிலோமீற்றர் வரை. உங்கள் வீட்டுக் காருக்கு எது என்பதை அதன் கைநூலே சொல்ல வேண்டும்.

வெப்பம் ஏன் இத்துணை தீங்கு செய்கிறது? இரசாயனத் தாக்கமொன்றின் வேகம், வெப்பநிலை பத்துப் பாகை செல்சியசு ஏற ஏறத்தாழ இருமடங்காகும் என்று வகுப்பில் படிக்கிறீர்கள். எண்ணெய் ஒட்சியேற்றமடைவதும் அத்தகைய தாக்கமே. ஓடும் பெட்டியில் எண்ணெய் ஏறத்தாழ 80, 90 பாகையில் இருப்பது இயல்பு. அது 110 ஆனால் எண்ணெயின் ஆயுள் நாலிலொரு பங்காகக் குறையுமென்று கொள்ளலாம். மெதுவாக, பாரத்தோடு, மலையேறும்போது முறுக்குவிசை மாற்றியின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன; அந்த வேற்றுமையினால் இழக்கப்படும் சக்தி எண்ணெயில் வெப்பமாகின்றது. றம்பொடையில் என் கார் நின்றது தற்செயல் அன்று.

புதிய காரிலும், பெரும் தொழிலகத்தாரிடத்திலும், எண்ணெய் செல்லும் வழியில் ஒரு சிறு குறை நேர்ந்தால் என்னவாகும் என்பதற்குச் சான்றுண்டு. 2004இல் ஹொண்டா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 11 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. ஐந்து கியர்ப் பெட்டியில் இரண்டாம் கியருக்குப் போதிய எண்ணெய் சேராமல் வெப்பம் ஏறி, பற்கள் உடையக்கூடும் என்பது காரணம். பதினையாயிரம் மைலுக்குக் குறைவாக ஓடியவற்றுக்கு, அக்கியரின் மேல் எண்ணெய் மிகுதியாகப் பாயுமாறு வழியைத் திருத்தினார்கள். அதற்கு மேல் ஓடியவற்றில், வெப்பத்தால் பற்சக்கரத்தின் நிறம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள். நிறம் மாறியிருந்தால் பெட்டியையே மாற்றினார்கள்.

எந்த எண்ணெயும் ஆகும் என்று எண்ணுவோர்க்கு ஒரு பழங்கதை. திருகோணமலைக் கடலில் காணப்படும் எண்ணெய்த் திமிங்கிலத்தை நீங்கள் அறிவீர்கள். பல்லாண்டுகளாக அமெரிக்காவில் தானியங்கிக் கியர் எண்ணெயில் அத்திமிங்கிலத்தின் எண்ணெயைச் சிறிது கலந்து வந்தார்கள். கிளச்சுத் தட்டுகள் அதிராமல், வழுக்காமல், மெல்லப் பற்றும் தன்மையை அது தந்தது. அவ்வினம் அருகி வந்ததனால் 1970களின் தொடக்கத்தில் அதன் பயன்பாடு தடுக்கப்பட்டது. அதற்கு ஈடான பொருள்களைச் செயற்கையாய் ஆக்க வேதியியலாளர் பெரிதும் முயல வேண்டியிருந்தது. நிறம் ஒன்றாயினும் சேர்க்கைப் பொருள் வேறாயின் எண்ணெய் வேறே. ஆகவேதான் ஒவ்வொரு பெட்டிக்கும் இன்ன தரம் என்று குறிக்கிறார்கள்.

பெட்டிகளும் ஒரே இனத்தன அல்ல. எஃகு வாரொன்று இரு கப்பிகளின் இடையே ஓடிப் படியின்றி வேகம் மாற்றும் சீ.வீ.ரி. இன்று நம் சிறு கார்கள் பலவற்றில் உண்டு. 1958இல் ஒல்லாந்து நாட்டு டாஃப் கார் இம்முறையை இறப்பர் வாரினால் நடத்திக் காட்டியது. இதற்கு ஊற்றும் எண்ணெய் தனி. மற்றதை ஊற்றினால் வார் வழுக்கிக் கப்பியைச் சுரண்டிவிடும். இரட்டைக் கிளச்சுப் பெட்டி வேறோர் இனம். 2013, 2014ஆம் ஆண்டுகளில் யப்பானில் ஹொண்டா ஃபிற் ஹைபிரிட் கார்கள் இதன் கணினிக் கட்டளைத் திருத்தத்துக்காகப் பன்முறை திரும்ப அழைக்கப்பட்டன. வாங்குமுன் எந்த இனம் என்று கேளுங்கள். விற்பவருக்கே தெரியாதாயின், எந்த எண்ணெய் ஊற்றினார் என்பதும் அவருக்குத் தெரிந்திராது.

கார் பார்க்கப் போகும்போது, முன்னறிவித்தாலும், எஞ்சினை ஓட விடாமல் வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த பெட்டியே உண்மை பேசும். சில குறைகள் சூடேறினால் மறையும்; வேறு சில சூடேறினால்தான் வெளிப்படும்; ஆகையால் இரண்டையும் பார்த்தல் வேண்டும். பிரேக்கை மிதித்தபடி கியரைப் பின்னோக்கியும் முன்னோக்கியும் மாற்றுக. ஓரிரு விநாடிக்குள் மெல்லப் பற்ற வேண்டும். தாமதமும் ஆகாது, உதைப்பும் ஆகாது. பின் அரைமணி நேரமாயினும் ஓட்டுக. ஓர் ஏற்றத்தைத் தேடிச் செல்க. எஞ்சினின் சுழற்சி ஏறியும் கார் விரையாவிடின் உள்ளே தட்டு வழுக்குகிறது. அளவுகோல் உள்ள காராயின் கைநூல் சொன்ன முறைப்படி எண்ணெயைப் பார்த்து, வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி இடுக. கருமையும் கருகிய மணமும் கூடாது. மின்னும் துகள் இருந்தால் விலையே பேச வேண்டாம். சேமித்த பிழைக் குறிகளைக் கணினியில் படிக்கச் செய்க. யப்பானிய ஏலத் தாள் இருப்பின் அதிலுள்ள தூரத்தையும் காரிலுள்ள தூரத்தையும் ஒப்பிடுக. எண்ணெய் மிகத் தெளிவாய்ப் புத்தம் புதிதாய் இருந்தால் மகிழ்ந்துவிடாமல், எப்போது மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்றும் கேட்க வேண்டும். இவையெல்லாவற்றையும் நான் செய்யவில்லை. அழகான இருக்கை உறையைப் பார்த்தேன்.

என் கார் கராஜில் கிடந்த நாட்களில் ஒரு தாதியாரின் கார் வந்தது. 1,10,000 கிலோமீற்றர் ஓடியது, குறை ஒன்றுமில்லை, எண்ணெய் மட்டும் பழையது. அடைப்பைத் திறந்தால் எண்ணெய் முழுவதும் வடியாது. ஏறத்தாழப் பாதி முறுக்குவிசை மாற்றியிலும் குழாய்களிலும் தங்கிவிடும். மொத்தம் ஏழு லீற்றர், வடிந்தது மூன்றரை. மாணவர் அவ்வளவே புதிது ஊற்றி, “ஆயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டு வாருங்கள் அக்கா” என்று அனுப்பினார். மூன்று தடவை இப்படிச் செய்தால் போதும் என்றார். எப்படிக் கணக்கிட்டீர் என்றேன். “முதல் தடவை பழையது பாதி மிச்சம், அடுத்தது கால், அடுத்தது அரைக்கால். அரைக்கால் இருந்தால் பரவாயில்லை, சேர்.” பெருக்கல் விருத்தியை நான் கரும்பலகையில் எழுதிய நாளில் இவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் பாடத்தில் எண்ணெய்த் தகரம் இல்லாமற் போயிற்று என்று மட்டும் அப்போது நினைத்துக்கொண்டேன்.

இதற்கு மாறான ஒன்றும் கண்டேன். என் நண்பரொருவரின் கார் 1,90,000 கிலோமீற்றர் ஓடியது; எண்ணெய் மாற்றியதே இல்லை; மூன்றாம் கியரில் இலேசாக வழுக்கத் தொடங்கியிருந்தது. என் கதையைக் கேட்டு அஞ்சி, உடனே எண்ணெய் மாற்ற வேண்டுமென்று அழைத்து வந்தார். மாணவர் மறுத்துவிட்டார். தட்டின் முகம் தேய்ந்து உதிர்ந்த பொடி பழைய எண்ணெயில் மிதக்கிறது. வழுக்கும் தட்டுக்கு அதுவே சிறிது பிடிப்பைத் தருகிறது. புதிய எண்ணெய் அடைசல்களைக் கழுவி வால்வுகளின் நுண்வழியில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் கூடும். ஆதலால் ஒன்றில் திறந்து தட்டு மாற்ற வேண்டும், அல்லது இருக்கும் வரை ஓட்ட வேண்டும் என்றார். நண்பர் மனம் நொந்து வேறிடம் சென்றார். அங்கே இயந்திரத்தால் அழுத்தத்தோடு கழுவி, முழு எண்ணெயையும் மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் கார் நின்றுவிட்டது. மாற்றியதனால் நின்றதா, எப்படியும் நிற்கவிருந்ததா என்று மாணவரிடம் கேட்டேன். “அதை யாராலும் சொல்ல முடியாது, சேர். ஆனால் 60,000இல் வந்திருந்தால் சொல்லியிருப்பேன்” என்றார்.

என் கார் ஆறு கிழமையின் பின் திரும்பியது. தட்டுகளும் தாங்கிகளும் புதியன. எண்ணெயைக் குளிர்விக்கச் சிறு குளிர்விப்பான் ஒன்று முன்புறம் தனியே பொருத்தப்பட்டது. அதனோடு மாணவர் ஓர் அப்பியாசக் கொப்பியும் தந்தார். முதல் பக்கத்தில் திகதி, தூரம், எண்ணெயின் தரம், லீற்றர் என்று நான்கு நிரல் கோடிட்டு, முதல் வரியைத் தாமே எழுதியிருந்தார். இதுவரை அதில் இரண்டாவது வரியை நான் எழுதியிருக்கிறேன்.

அதன் பின் நான்கு முறை நுவரெலியாவுக்குப் போய் வந்தோம். றம்பொடை ஏற்றம் தொடங்குமுன்னரே கைப்பிடியைத் தாழ்ந்த கியருக்கு இறக்கிவிடுகிறேன், இறங்கும்போதும் அப்படியே. சுமையில் பாதியைப் பேருந்தில் அனுப்புகிறோம், மைத்துனரையும்தான். ஏற்றத்தின் நடுவே நீர்வீழ்ச்சி தெரியும் இடத்தில் ஓரமாய் நிறுத்தித் தேநீர் குடிக்கிறோம். மனைவி நீர்வீழ்ச்சியைப் பார்க்கிறாள். நான் காருக்கு அடியில் சிவப்புத் துளி ஏதும் உண்டோ என்று குனிந்து பார்க்கிறேன்.